கோட்டின் பின்னால் போங்கள்: சோழமண்டலத்தில் நவீன ஓவியம் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒருமுறை என் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அறுபது வருஷமாக வாசலில் சிக்குக் கோலம் போட்டவர். நவீன ஓவியம் என்ற பேச்சையே அன்றுதான் கேட்டார். ஒரு கோட்டோவியத்தின் முன்னால் நின்றவர், விரலைக் காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்கேர்ந்து இந்த முழங்கை வரைக்கும் கையை எடுக்கவே இல்லடா. அதுக்கப்புறம்தான் மூச்சு விட்டிருக்கான்."

அந்தப் படத்தை நான் அதற்கு முன் பலமுறை பார்த்திருந்தேன். வரைந்த கை எங்கே நின்றது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "நவீன ஓவியம் எனக்குப் புரியாது" என்று யார் சொன்னாலும் இப்போது நான் அத்தை பார்த்த முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். படத்துக்கு என்ன அர்த்தம் என்பதைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டு, கோடு போன வழியே போவது. சென்னை ஓவியர்களைப் பார்க்க இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் நம்பிக்கை. அதற்குக் காரணமும் இருக்கிறது.

போவதற்கு முன்: இவர்கள் யார் என்று கொஞ்சம்

சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. மெரினாவில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி பல ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். அவருக்குப் பிறகு 1957-ல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்தவர். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

அவரையும் அவருடைய மாணவர்களையும் உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. எண்ணெய் வண்ணம், கித்தான் (கேன்வாஸ்), ஓவியப் படிப்பு எல்லாமே ஐரோப்பாவிலிருந்து வந்தவை. இவற்றை வைத்துக்கொண்டு பாரிஸ் ஓவியர்களின் நிழலாக இல்லாமல் இந்த மண்ணின் நவீன ஓவியத்தை எப்படி வரைவது? கோயில் சுவர், செப்புத் திருமேனி, ஏட்டுச்சுவடி, கோலம், ஜாதகக் கட்டம் என்று சுற்றிலும் தேடினார்கள். தேடிய இடமெல்லாம் கோடு இருந்தது. சென்னை இயக்கம் என்று இன்று அழைக்கப்படும் ஓவியர்களின் பாணிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகினாலும், பலரையும் இணைப்பது கோட்டின் மீதுள்ள பிடிப்புதான்.

இன்னொரு கேள்வி வயிற்றுப்பாடு. படிப்பை முடித்த ஓவியருக்கு அன்றைய சென்னையில் படம் விற்றுப் பிழைக்க வழியில்லை. ஓவியர்கள் கைவினைச் சங்கம் அமைத்து, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடலோரம் நிலம் வாங்கி 1966-ல் உருவாக்கியதுதான் சோழமண்டலம். அரசும் புரவலர்களும் கொடுத்ததல்ல, ஓவியர்கள் தங்கள் கையால் சம்பாதித்த நிலம் அது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் படங்களை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

2009-ல் இங்கே சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை இயக்கத்துக்கான அருங்காட்சியகமும், மாறிமாறிக் கண்காட்சிகள் நடக்கும் இண்டிகோ, லேபர்னம் என்ற இரண்டு சின்னக் கூடங்களும் அதில் உண்டு. தொங்கும் படங்கள் மாறிக்கொண்டிருக்கும். கீழே நான் பெயர் சொல்லும் எல்லோருடைய படமும் நீங்கள் போகிற அன்று சுவரில் இருக்க வேண்டும் என்பதில்லை. பார்க்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதமி கூடத்துக்கும், முட்டுக்காடு தட்சிணசித்ராவின் கூடத்துக்கும் அது பொருந்தும்.

படி 1: பெயர்ப் பலகையைப் படிக்காமல் ஒரு சுற்று

கூடத்தில் நுழைந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் படத்துக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன அட்டையைத்தான் படிக்கிறார்கள். தலைப்பைப் படித்துவிட்டால் கண் அந்தத் தலைப்பைத்தான் தேடும், படத்தைப் பார்க்காது. ஆகவே முதல் சுற்றில் அட்டை வேண்டாம். நடந்துகொண்டே இருங்கள். எந்தப் படம் உங்களை நிறுத்துகிறதோ, எது எரிச்சலூட்டுகிறதோ, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எரிச்சலூட்டும் படத்தை விட்டுவிட வேண்டாம். எனக்குப் பின்னாளில் மிகப் பிடித்துப்போன இரண்டு ஓவியர்கள் முதலில் எரிச்சலூட்டியவர்கள்தான்.

சின்னக் கூடத்தின் நன்மை இங்கேதான். முப்பது படம் இருக்கும் அறையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தும் கால் வலிக்காது. திரும்பிப் போய் மூன்று படத்தின் முன்னால் மட்டும் உட்கார்ந்திருக்கலாம்.

படி 2: கோட்டைப் பிடியுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். வழிகாட்டியின் மீதி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நிறுத்திய படத்தின் முன்னால் நின்று, ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள். அது எங்கே தொடங்குகிறது? எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது? வேகமாகப் போனதா, தயங்கிப் போனதா? எங்கே முடிகிறது, அல்லது முடியாமல் இன்னொன்றில் கலந்துவிடுகிறதா? சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி இழை போவதைப் பின்தொடர்வது போல, கண்ணால் முழுதும் போய் வாருங்கள். விரலை லேசாக அசைத்துப் பார்த்தாலும் தவறில்லை, படத்தைத் தொடாத வரை.

கே.எம். ஆதிமூலத்திடமிருந்து தொடங்குவது நல்லது. தமிழ் வாசகர்களுக்கு அவர் கோடு ஏற்கெனவே பழக்கம். கி. ராஜநாராயணன் எழுத்துகளுக்கு அவர் வரைந்த படங்கள் மூலமும், எத்தனையோ நூல்களின், சிற்றிதழ்களின் தலைப்பெழுத்துகள் மூலமும் அவர் கை நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் 1938-ல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைக் கிடைத்தால் அருகில் போய்ப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக மைக்கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஒரு கோட்டைத் தனியாகப் பிரித்தால் அது கிறுக்கல் போலத்தான் தெரியும். நான்கடி பின்னால் வந்தால் கிழவரின் முதுகு வளைந்து எழுந்து நிற்கும். மையை அழிக்க முடியாது. தவறிய கோட்டின் மேல் இன்னொரு கோட்டைப் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். அந்தத் திருத்தங்களே அந்த உடம்புக்குச் சதையாகிவிடுகின்றன.

அங்கிருந்து கே. ராமானுஜத்துக்குப் போங்கள். சோழமண்டலத்திலேயே வாழ்ந்து 1973-ல் மிக இளம் வயதில் தற்கொலை செய்துகொண்டவர். மனநோயோடும் தனிமையோடும் வாழ்ந்தவர். அவருடைய கோடு ஆதிமூலத்தின் கோட்டைப் போல அலைந்து திரியாது. பொறுமையாக, ஊசிவேலை மாதிரி, ஒரு அங்குலத்தையும் காலியாக விடாமல் நிரப்பிக்கொண்டே போகும். மாளிகை, கோபுரம், பாம்பு, சிறகு முளைத்த விலங்கு, நடுவில் தொப்பி வைத்த ஒரு மனிதர். அந்த மனிதர் அவரேதான். எனக்கு அம்புலிமாமா படங்களின் ஞாபகம் வரும், ஆனால் அம்புலிமாமாவில் இல்லாத ஒரு ஏக்கம் இதில் உண்டு. வெளியுலகம் இடம் கொடுக்காத ஒருவர், தானே ஒரு ஊரைச் செங்கல் செங்கலாகக் கட்டிக் குடியேறியிருக்கிறார் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். இந்தப் படங்களுக்குக் குறைந்தது பத்து நிமிஷம் கொடுங்கள். மூலைகளை விட்டுவிடாதீர்கள்.

இருவரும் மையில்தான் வரைந்தார்கள், இருவர் கையிலும் கோடு இருந்தது. ஒருவரிடம் கோடு தேடுகிறது. இன்னொருவரிடம் கட்டுகிறது. பாணி என்று சொல்வது இதைத்தான். கோட்டுக்கு ஓவியர் கொடுக்கும் வேலை மாறினால் பாணி மாறுகிறது.

இதே கண்ணோடு சிற்பத்தையும் பார்க்கலாம். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, அதன் மேல் கம்பிகளைப் பற்றவைத்துச் சிலை செய்தார். முன்பக்கம் மட்டுமே முகம். பின்னால் சுற்றிப் போனால் ஒன்றும் இருக்காது. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசம் நினைவுக்கு வருகிறதா? மூக்கும் புருவமும் வெறும் கம்பிதான், அதாவது உலோகத்தில் போட்ட கோடு. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் இந்த முன்முக மரபில்தான் வேலை செய்தார்.

ஆர்.பி. பாஸ்கரனின் பூனைகளைப் பார்த்தால் குழந்தைகள் உடனே நின்றுவிடுவார்கள். அவர்களை நிற்கவிடுங்கள். தடித்த, தயக்கமில்லாத கோடு. பூனையின் சோம்பலும் திமிரும் அந்த ஒரு வளைவிலேயே வந்துவிடும். தேவகோட்டையில் 1957-ல் பிறந்த ஆர்.எம். பழனியப்பனிடம் போனால் எல்லாம் தலைகீழ். அவருடைய கோடு எந்தப் பொருளின் விளிம்பும் அல்ல. வானில் ஒன்று பறந்து போன தடம், காலமும் வெளியும் பற்றிய குறிப்பு. தகட்டிலோ கட்டையிலோ வரைந்து, மை பூசிக் காகிதத்தில் அச்செடுக்கும் அச்சோவியத்தில் அவர் செய்தவை தனியாக ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டியவை.

படி 3: எழுத்து போலிருந்தால் வாசிக்க முயலாதீர்கள்

பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களின் முன்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியம் செய்வார்கள். கிட்டே போய், கண்ணைச் சுருக்கி, வாசிக்கப் பார்ப்பார்கள். மலையாள எழுத்து போல இருக்கும், கணக்குப் போல இருக்கும், ஜாதகக் கட்டம் போல இருக்கும். ஒன்றையும் வாசிக்க முடியாது. வாசிப்பதற்காக எழுதியவை அல்ல அவை.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பழைய ஏட்டுச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். அதில் ஏதோ முக்கியமானது இருக்கிறது என்று மட்டும் தெரியும். வரியின் ஒழுங்கு தெரியும், எழுதிய கையின் நடுக்கம் தெரியும். ஜாதகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஜோசியர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் முகத்தில் இருக்கும் அந்தப் பயபக்தியைப் பணிக்கர் கித்தானுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது என் கருத்து. நாம் பொருள் தெரிந்துகொண்டு மரியாதை செய்வதைவிட, பொருள் தெரியாமல் மரியாதை செய்வது அதிகம் என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

ஜே. சுல்தான் அலியின் படங்களிலும் எழுத்து ஊரும். ஆனால் அவருடைய ஊற்று வேறு. மத்திய இந்தியாவின் பஸ்தர் பகுதிப் பழங்குடிகளின் கலையிலிருந்து எடுத்துக்கொண்ட காளைகளும் தெய்வங்களும் நடுவில் நிற்க, சுற்றிலும் எழுத்து மந்திரம் போலக் கட்டும். இருவரையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தால், ஒருவரிடம் எழுத்து ஏடாகவும் இன்னொருவரிடம் தாயத்தாகவும் இருப்பது தெரியும்.

படி 4: கோடு மறைந்த இடத்தில் நிறத்தைக் கேளுங்கள்

இப்போது வெறும் வண்ணமாக இருக்கும் படத்தின் முன்னால் போய் நில்லுங்கள். கோட்டில் பேர்பெற்ற அதே ஆதிமூலம் பிற்காலத்தில் உருவத்தையே விட்டுவிட்டு, அடர்த்தியான எண்ணெய் வண்ணத்தில் அரூப ஓவியங்கள் வரைந்தார். இது பலருக்கு அதிர்ச்சி. "இவ்வளவு நல்லா வரையத் தெரிஞ்சவர் ஏன் இப்படி?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அறுத்து முடித்த வயலை மேட்டிலிருந்து பார்த்தது போல, மழைக்கு முந்தின வானம் போல நிறங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். நிறங்கள் தொட்டுக்கொள்ளும் விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் அவருடைய பழைய கோடு ஒளிந்திருக்கிறது.

அச்சுதன் கூடல்லூர் 2022-ல் மறைந்தார். பொறியியல் படித்தவர், ஓவியக் கல்லூரியில் பட்டம் வாங்காதவர், மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் பழகி வளர்ந்தவர். அவருடைய சிவப்பைக் கைப்பேசியில் படம் பிடித்து ஒரு பயனும் இல்லை. நேரில் நின்றால் மட்டும் அந்தச் சிவப்புக்குள் இன்னும் நான்கைந்து சிவப்புகள் மெல்ல மெல்லத் தெரியவரும். கண் பழகுவதற்கு ஓரிரு நிமிஷம் ஆகும்.

சி. டக்ளஸிடம் நிறம் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். காகிதத்தைக் கசக்கி, நனைத்து, ஒட்டி, மண் நிறத்தில் சுருங்கிய தோல் போல ஆக்கிவிடுவார். கசக்கிய மடிப்பே அங்கே கோடு.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எப்போதும் வரும்: "எஸ். இளையராஜா வரைஞ்ச மாதிரி ஏன் இல்ல?" கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்து, கிராமத்துப் பெண்களையும் வீடுகளையும் நிழற்படத்தையும் மிஞ்சும் துல்லியத்தில் வரைந்த இளையராஜா 2021-ல் கொரோனாவில் போனபோது தமிழ்நாட்டில் ஓவியம் பார்க்காதவர்கள்கூடக் கலங்கினார்கள். அவரை விரும்புவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. அவர் படத்தில் புடவையை விட்டுவிட்டு வெளிச்சத்தைக் கவனியுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் கன்னத்தில் எங்கே வந்து நிற்கிறது, நிழலுக்குள் எத்தனை நிறம் என்று பாருங்கள். அவருக்குக் கோட்டைக் கரைத்து வெளிச்சமாக்குவது வேலை. பணிக்கர் மாணவர்களுக்கு வெளிச்சத்தை விட்டுவிட்டுக் கோட்டை வைத்துக்கொள்வது வேலை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்காமல், அவரவர் எதை விட்டார்கள் என்று பார்த்தால் இரண்டுமே பிடிக்கும்.

படி 5: பக்கவாட்டில் நின்று பாருங்கள்

நேர் முன்னால் பார்த்தாயிற்று. இப்போது படத்தின் ஓரத்துக்குப் போய், சுவரோடு சுவராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்போது வண்ணத்தின் மேடு பள்ளம் தெரியும். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். அதனால் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழைக்க ஓவியருக்கு அவகாசம் உண்டு. நீர் சேர்த்து வரையும் அக்ரிலிக் வண்ணம் சில நிமிஷங்களில் காய்ந்துவிடும். ஆகவே அடுக்கு அடுக்காக, விளிம்பு வெட்டினாற்போல வரும். இதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அட்டையைப் பார்க்காமலே எந்த ஊடகம், அதாவது எந்த வகை வண்ணம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

கண்ணாடி போட்ட காகித ஓவியமானால் பிரதிபலிப்பு தொல்லை செய்யும். ஒரு எட்டு நகர்ந்தால் போதும்.

படி 6: இப்போது அட்டை

பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. இவற்றில் ஆண்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 1965-ல் வரைந்ததா, 2005-ல் வரைந்ததா என்பது ஓவியர் எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடும். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு என்பது வழக்கம். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுப்போனது.

அச்சோவியத்தின் கீழே இடது ஓரத்தில் பென்சிலால் 3/20 என்று எழுதியிருந்தால், எடுத்த 20 அச்சுப் பிரதிகளில் இது 3-வது என்று பொருள். ஒவ்வொரு பிரதியையும் ஓவியரே சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அதை நகல் என்று நினைக்க வேண்டாம்.

படி 7: கையில் நோட்டு இருக்கட்டும்

வரையத் தெரியாது என்பது தடையில்லை. பிடித்த படத்தின் ஒரே ஒரு கோட்டை மட்டும் பால்பாயிண்ட் பேனாவால் எடுத்துப் பாருங்கள். பாஸ்கரனின் பூனை முதுகை வரைய நான் ஒரு மாலை முழுவதும் முயன்றிருக்கிறேன். என் பூனை எழுந்து நிற்கவில்லை, ஆனால் அந்த வளைவு கழுத்தருகே எவ்வளவு சட்டென்று திரும்புகிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டது.

தனிக் கண்காட்சியானால் ஓவியரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது உண்டு. "இதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று தொடங்காதீர்கள். "இந்த இடத்துல முதல்ல எதைப் போட்டீங்க?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். எந்த நிறம் மூன்று தடவை அழிக்கப்பட்டது, எந்தப் படம் ஆறு மாதம் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது என்பதெல்லாம் வெளியே வரும்.

படி 8: ஒன்று வாங்க நினைத்தால்

பெரிய கித்தானுக்கு ஆசைப்பட்டு, விலையைக் கேட்டு, மனம் சோர்ந்து திரும்புவதைவிடச் சின்னக் கோட்டோவியத்திலோ அச்சோவியத்திலோ தொடங்குங்கள். கையெழுத்து, ஆண்டு, ஊடகம், அளவு எல்லாம் எழுதிய சான்றிதழும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். மறைந்த ஓவியர்களின் பெயரில் போலிகள் சுற்றுவதுண்டு. படம் இதற்குமுன் யாரிடம் இருந்தது என்று கேட்கத் தயங்க வேண்டாம். நேர்மையான கூடத்துக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நம் ஊர் வெக்கையும் ஈரமும் காத்துக்கொண்டிருக்கும். காகித ஓவியத்தைச் சாதாரண அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டால் சில வருஷங்களில் பழுப்பேறும், ஆகவே அமிலமற்ற அட்டை போடச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் அட்டை விளிம்பின் இடைவெளி இருந்தால்தான் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளாது. வெயில் நேராக விழும் சுவரும் ஐப்பசி மழையில் ஓதம் இறங்கும் வெளிச்சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்னக் கார்க் துண்டு ஒட்டிவிட்டால் காற்று ஓடும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றி, பின்பக்கம் பூசணமோ வெள்ளிப் பூச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். அத்தைக்கு நான் வாங்கிக் கொடுத்த சின்ன அச்சோவியத்தை அவர் பூஜை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறார். மார்கழி பிறக்கும்போது இறக்கி, பழைய வேட்டித் துணியால் பின்பக்கம் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவார்.